ஏதென்ஸில் அப்பா கேட்ட கேள்விகள்

ஏதென்ஸ் போய் வந்தவர்கள் சொல்வதில் பாதி வெயில், வரிசை, டிக்கெட் விலை பற்றித்தான். அதெல்லாம் உண்மைதான். பழைய கோயில்கள் நிற்கும் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸுக்கு இப்போது 30 யூரோ. எந்த நேரத்தில் உள்ளே போகிறோம் என்பதையும் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோடையில் அனல் அதிகமானால் நண்பகலில் மூடிவிட்டு மாலைதான் திறக்கிறார்கள். இதற்கு மேல் அந்தப் பக்கம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே பேசக் கிடைத்த மனிதர்களைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

அதற்குக் காரணம் என்னோடு வந்த அப்பா. பொதுப்பணித்துறையில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினாலும் அது எப்படி நிற்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார். அரைகுறை ஆங்கிலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேள்வி கேட்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் அவர் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள் எந்தப் பயணக் கையேட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பார்த்தினன் கோயிலின் முன்னால் வாடகைக்கு அமர்த்திய வழிகாட்டி அம்மா, பெரிக்ளிஸ் என்ற தலைவர், பீடியாஸ் என்ற சிற்பி, கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பாவின் கண் முழுக்கச் சாரத்திலும் கிரேனிலும் இருந்தது. "ஏம்மா, ஒரே தூணில் ஒரு துண்டு பழுப்பா இருக்கு, ஒரு துண்டு பளிச்சுனு வெள்ளையா இருக்கே, ஏன்னு கேளு" என்றார்.

கேட்டதும் அந்த அம்மா மனப்பாடப் பேச்சை நிறுத்திவிட்டு ஆர்வமாகத் திரும்பினார். வெள்ளைத் துண்டுகள் புதிதாகச் செதுக்கிப் பொருத்தியவை. பழைய கல் வந்த அதே பெண்டெலி மலையின் சலவைக்கல்தான், நாள்பட நாள்பட அதுவும் நிறம் மாறும். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கட்டிய கோயில் அது. கல்லோடு கல்லை இரும்புப் பட்டைகளால் இணைத்து, அந்த இரும்பைச் சுற்றி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் உறைபோல மூடிக்கொண்டதால் இரும்பு துருப்பிடிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த தூண்களைத் தூக்கி நிறுத்தினார். பெரிய வேலைதான். ஆனால் இரும்பை ஈயம் இல்லாமல் வைத்துவிட்டார். துருப்பிடித்த இரும்பு உப்பும். உப்பியது, கல்லை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. போதாக்குறைக்குச் சில கற்கள் இடம் மாறிப் போயிருந்தன. 1980களில் இருந்து அவர் வைத்ததையெல்லாம் பிரித்து, இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் அதன் சொந்த இடத்தைத் தேடிப்பிடித்து மறுபடி அடுக்குகிறார்கள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கடலோர வேலைகளில் கான்கிரீட்டுக்குள் கம்பி உப்பி வெடிப்பதைப் பார்த்தே காலம் கழித்த மனுஷன். "இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடி தெரிஞ்ச விஷயம், நூறு வருஷம் முன்னாடி மறந்துபோச்சா" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "மறக்கவில்லை, செலவும் அவசரமும் இருந்திருக்கும்" என்றார். அரசாங்க வேலை பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குள் அப்பா ஒரு கல்லின் மேல் கையை வைத்துவிட்டார், மேஸ்திரிப் பழக்கம். உடனே விசில். அங்கே காவலர்கள் எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார்கள். கல்லில் சாய்ந்தால், கயிற்றைத் தாண்டினால், படத்துக்காக விதவிதமாக நின்றால் கூட ஒரு விசில். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த ஆயிரக்கணக்கான கால்களும் கைகளும் தேய்த்துத் தேய்த்து வழுக்கலாகிப்போன பாறையைப் பார்த்ததும் விசில் ஊதுபவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். (நல்ல பிடிப்புள்ள செருப்பு இல்லாமல் அங்கே ஏறாதீர்கள்.)

அடுத்த கேள்விதான் எனக்கு மறக்காதது. "கூரை எங்கே போச்சு?"

கோயிலாக இருந்தது பிறகு பல நூற்றாண்டுகள் தேவாலயமாக இருந்தது, பிறகு மசூதியானது. 1687இல் துருக்கியர்கள் அதற்குள் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தபோது முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு ஒன்று உள்ளே விழுந்தது. கூரையும் நடுப்பகுதியும் போயின. இடிபாட்டுக்கு நடுவே பிறகு ஒரு சின்ன மசூதி எழுந்தது. கிரீஸ் விடுதலை அடைந்து, 1834இல் ஏதென்ஸ் தலைநகரான பிறகு அந்த மசூதியை அகற்றினார்கள். மலைமேல் இருந்த வீடுகளையும் துருக்கியர் காலச் சுவர்களையும் எடுத்தார்கள். நுழைவாயில் பக்கம் இடைக்காலத்துக் கோபுரம் ஒன்று உயரமாக நின்றிருக்கிறது, அதை 1875இல் இடித்தார்கள்.

அப்பா விடவில்லை. "அந்தக் கோபுரமும் பழசுதானே? பழசைக் காப்பாத்த பழசை ஏன் இடிச்சீங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. "அப்போது நாங்கள் புது நாடு சார். எங்களுக்கு எந்தத் தாத்தா வேண்டும் என்று நாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டோம்" என்றார். இதை ஒரு வழிகாட்டி, அதுவும் பணம் கொடுத்து வந்தவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதன் பிறகு ஏதென்ஸை நான் பார்த்த விதமே வேறு. நாம் 'அப்படியே நிற்கிறது' என்று வியக்கிற காட்சியில் பாதி 19ஆம் நூற்றாண்டில் துடைத்து எடுத்து வைத்தது.

கீழே இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் சின்னதாக ஒன்று நடந்தது. எரெக்தியான் கோயிலின் முன்மண்டபக் கூரையைத் தலையில் தாங்கிய ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே இருக்கின்றன. மலைமேல் இருப்பவை நகல்கள். ஆறாவது நிற்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவன், பேச்சை வைத்துப் பார்த்தால் இங்கிலாந்துப் பையன், இன்னொன்று எங்கே என்று ஊழியரிடம் கேட்டான். "உங்கள் ஊரில்தான், போனதும் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறாள் என்று சொல்" என்றார் அவர். கோபமே இல்லை. பையனின் அம்மாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. மேல்மாடியில் பார்த்தினனின் 160 மீட்டர் சிற்ப வரிசையில் இங்கே இருக்கும் 50 மீட்டர் பழுப்புக் கல்லாகவும், ஆங்கிலேயர்கள் எடுத்துப்போய் லண்டனில் வைத்திருக்கும் 80 மீட்டருக்கு வெள்ளைச் சுதை அச்சுகளாகவும் வைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் விளக்கத் தேவையில்லை.

பழைய சந்தைத் திடலான அகோராவில், அட்டலோஸ் என்ற அரசர் கட்டிய தூண் மண்டபம் நேற்றுக் கட்டியதுபோல இருக்கும். கிட்டத்தட்ட அப்படித்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கட்டடத்தை 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அடித்தளத்தில் இருந்து புதிதாகக் கட்டினார்கள். இது சரியா தவறா என்று அப்பாவும் நானும் இன்னும் சண்டை போடுகிறோம். நிழல் இருக்கிறது, பழைய கடைத்தெரு எப்படி இருந்திருக்கும் என்பதும் புரிகிறது, அதனால் சரி என்பது என் கட்சி. 'புதுசுன்னு எழுதி வச்சா போதும்' என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

அங்கே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் பானையோடுகளைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால ஏதென்ஸில், செல்வாக்கு அதிகம் வளர்ந்துவிட்ட அரசியல்வாதியைப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்ப, அவர் பெயரைப் பானையோட்டில் கீறி வாக்களிப்பார்கள். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டொக்ளிஸ் என்ற அரசியல்வாதியின் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. அத்தனையும் 14 பேரின் கையெழுத்து. மொத்தமாக எழுதி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆசிரியை இதைச் சொன்னதும்தான் அந்தச் சிரிப்பு. எங்களுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அப்பா இன்றுவரை ஊரில் எல்லோரிடமும் சொல்லும் ஒரே ஏதென்ஸ் கதை இதுதான்.

அகோராவை ஒட்டிய தெருவில் காபி குடித்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். 1931இல் அகோராவைத் தோண்ட ஆரம்பிப்பதற்கு முன் அந்த இடத்தில் வ்ரிசாகி என்ற குடியிருப்பு இருந்தது. வீடுகளை வாங்கி இடித்துவிட்டுத்தான் தோண்டினார்கள். தன் பாட்டி அங்கேதான் பிறந்ததாகச் சொன்னார். கோபம் உண்டா என்று கேட்டேன். "பாட்டிக்கு இருந்தது. எனக்கு அங்கே நுழைய டிக்கெட் வாங்க வேண்டியிருப்பதில்தான் கோபம்" என்றார்.

மலையின் வடகிழக்குச் சரிவில் அனாஃபியோட்டிகா என்று ஒரு குட்டிப் பகுதி இருக்கிறது. புதுத் தலைநகரைக் கட்ட அனாஃபி தீவிலிருந்து வந்த கொத்தனார்கள் தங்கள் ஊர் மாதிரியே கட்டிக்கொண்ட வெள்ளை வீடுகள். இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தயவுசெய்து ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஒரு பாட்டி துடைப்பத்தோடு வெளியே வந்ததைப் பார்த்தோம், நியாயமான துடைப்பம்.

சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: சைவம் என்று சொல்லிப் புரியவைப்பதைவிட 'நிஸ்டீசிமோ' இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களின் விரத உணவு, இறைச்சியோ பால் பொருளோ இருக்காது. கணவாய், இறால் மாதிரி கடல் உணவு மட்டும் விரதத்தில் சேர்த்தி, அதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரிசி அடைத்த தக்காளி, பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு சேர்த்து ஓவனில் வேகவைத்தது, இரண்டும் அப்பாவுக்குப் பிடித்துப்போயின. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். விமான நிலைய மெட்ரோவில் பர்ஸைப் பின் பையில் வைக்காதீர்கள். வெயில் ஒத்துவராதவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே போகலாம், மாதத்தின் முதல் ஞாயிறு அக்ரோபோலிஸ் இலவசம்.