மதரஸா விடுதி மாடியில் தீப்பிடித்தால் 60 பிள்ளைகளை எப்படி இறக்குவது?

விடுதி உஸ்தாத், பரங்கிப்பேட்டை:
இங்கே ஒரு மதரஸா விடுதியில் இரவுப் பொறுப்பு என்னுடையது. மாடிக் கூடத்தில் 60 பிள்ளைகள் பாயோடு பாய் ஒட்டிப் படுக்கிறார்கள். இறங்க ஒரே படிக்கட்டு. கீழே இரும்புக் கதவுக்குப் பூட்டு. சாவி என் தலையணைக்கு அடியில்.

போன வாரம் கொசுவர்த்திச் சுருள் சாய்ந்து ஒரு கோரைப்பாயின் ஓரம் கருகியது. முதலில் விழித்தவன் பத்து வயதுப் பையன். என்னை எழுப்பவில்லை, அடி விழும் என்று பயந்து, தண்ணீர் தெளித்துவிட்டு, கருகிய பக்கத்தை உள்ளே மடித்து அதன்மேலேயே படுத்துக்கொண்டான். வாடை பிடித்துத்தான் நான் எழுந்தேன். சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதை இயக்க எனக்கே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், கடலூர்:
ஹஜ்ரத், சிலிண்டர் பிறகு. முதலில் அந்தச் சாவி. புகையில் விழிப்பவருக்குத் தலையணையே அகப்படாது. பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். புகை மேலே நிற்கும். தரையோடு தவழப் பழக்குங்கள். 101 எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். சிலிண்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும். பின்னை உருவி, தீயின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பிடியை அழுத்தி இருபுறமும் வீசுங்கள். அது பெரியவர்கள் வேலை; சின்னப் பிள்ளைகள் கத்திவிட்டு ஓடினால் போதும். ஹவுள் (தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டி) தண்ணீர் பாய்க்குச் சரி, ஸ்விட்ச் போர்டுக்கு ஆகாது.

லால்பேட்டைக்காரன், கோலாலம்பூர்:
இந்த ஊரில் 2017 செப்டம்பர் 14 அன்று, விடியுமுன், குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளின் விடுதி எரிந்தது. இறந்தவர்கள் 23 பேர். 21 பேர் மாணவர்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேறும் வழியில் தீ. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனபின் நாம் கீற்றுக் கூரையைப் பார்த்துப் பயந்தோம். உங்கள் ஜன்னலில் கம்பியா, திறக்கும் கதவா?

நெல்லிக்குப்பம் வாசி:
பூட்டு இல்லாவிட்டால் பையன்கள் ராத்திரியில் ஊர் சுற்றப் போய்விடுவார்களே?

விடுதி உஸ்தாத்:
போகட்டும், திரும்பி வந்ததும் திட்டிக்கொள்கிறேன். பூட்டை எடுத்தாயிற்று. ஜன்னலில் கம்பிதான், ஒன்றையாவது திறக்கும்படி செய்யக் கொல்லரிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று விடியுமுன், தஹஜ்ஜுத் தொழுகை நேரத்தில் சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்து எழுப்பினேன். எல்லோரும் முற்றத்துக்கு வர ஐந்து நிமிடம். பாதிப் பேர் தொப்பி தேடியிருக்கிறார்கள். எண்ணினால் 59. மேலே போய்ப் பார்த்தேன்; அந்தப் பத்து வயதுக்காரன் எல்லோருடைய பாயையும் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.