பாஸ் இருக்கிறது, சீட் இல்லையாம். வெள்ளிக்கிழமை பாரிஸ் பயணம், உதவுங்கள்

ஸ்டுட்கார்ட்_புதுசு:
வணக்கம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மூன்று பேருக்கும் யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போகும் பாஸ்) வாங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை பாரிஸ், அப்புறம் மிலன், பிறகு வீடு. இன்று ஸ்டுட்கார்ட் ஸ்டேஷன் கவுண்டரில் கேட்டால், பாரிஸ் ரயிலுக்கு முன்பதிவு தனியாம். பாஸ்காரர்களுக்கான இடமும் தீர்ந்துவிட்டதாம். ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று. சும்மா ஏறி நின்றுகொண்டே போகலாமா?

பனிமூட்டம்:
வந்தவுடன் ஏன் இந்தச் சுற்றுலா? எனக்கு முதல் மூன்று மாதம் வீடு தேடவே சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடும் என்று தெரியாமல் ரஸ்க் தின்று படுத்த நாளும் உண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதப் பாஸ்) எடுத்துப் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். நான் எடுத்தபோது 49 யூரோ, இப்போது 63.

ரைன்கரை:
அந்த டிக்கெட்டில் பாரிஸ் போக முடியாது. ஜெர்மனிக்குள்ளேயே ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் செல்லாது. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் போடலாமே.

ஜன்னலோரம்:
நான் யூரெயிலில் நாலு நாடு சுற்றினேன். ஆஸ்திரியாவில் முன்பதிவே இல்லாமல் ஏறினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ரைன்கரை:
ஆஸ்திரியாவில் பகல் ரயில்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிரான்ஸ் போகும் ரயில் வேறு. நம் ஊரில் மாதப் பாஸை வைத்துக்கொண்டு ரிசர்வ்டு பெட்டியில் ஏற முடியுமா? அதே கதை. முன்பதிவு இல்லாமல் ஏறினால் அபராதம்.
அதைவிடப் பெரிய சிக்கல்: நீங்கள் இங்கே குடிவந்துவிட்டீர்களா, சுற்றுலா விசாவா? யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. இங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை.

லாசப்பல்_அண்ணன்:
தம்பி, நாங்கள் வந்த காலத்தில் பாஸும் இல்லை, செயலியும் இல்லை. சூட்கேஸ் மேல் உட்கார்ந்துதான் பயணம். இப்போது எல்லாம் வசதி, ஆனாலும் ரயில் நேரத்துக்கு வருவதில்லை.

பனிமூட்டம்:
அதைச் சொல்லுங்கள்! போன மாதம் இரண்டு மணி நேரம் நடைமேடையில் நின்றேன். அறிவிப்பும் புரியவில்லை.

ஸ்டுட்கார்ட்_புதுசு:
மன்னிக்கவும், சொல்லாமல் விட்டேன். வேலை விசாவில் வந்து ஆறு வாரம் ஆகிறது. ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடிந்தது. பையனுக்கு ஐந்து வயது. பாஸை இன்னும் செயல்படுத்தவில்லை.

ரைன்கரை:
செயல்படுத்தவில்லையா? நல்லது. இனியும் செயல்படுத்தாதீர்கள். வாங்கிய இடத்தில் பணம் திரும்புமா என்று இன்றே கேளுங்கள். தள்ளுபடியில் வாங்கியதென்றால் கடினம். இன்டர்ரெயில் எடுப்பதானால், நீங்கள் வசிக்கும் ஜெர்மனிக்குள், நாட்டைவிட்டு வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் அதைப் பயன்படுத்தலாம். மூன்று பேருக்கு ஒரே ஒரு சுற்று என்றால் பாஸ் லாபமா என்று கணக்குப் போடுங்கள். பாரிஸுக்குச் சாதாரண டிக்கெட் இருக்கிறதா பாருங்கள், அதில் சீட்டும் சேர்ந்தே வரும். பாஸ்காரர்களுக்கான ஒதுக்கீடு தீர்ந்தது என்றால் ரயிலே நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜன்னலோரம்:
ஹோட்டலை மாற்ற முடிந்தால் பாரிஸை விட்டுவிட்டு சூரிச் வழியாக மிலன் போங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச்சுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. சூரிச்சிலிருந்து மிலனுக்கு நேராகப் போகும் யூரோசிட்டி ரயிலில் முன்பதிவு வேண்டும். இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் லுகானோ வரை சுவிஸ் உள்நாட்டு ரயிலில் போய், அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறினால் அதுவும் தேவையில்லை. வழியில் 57 கி.மீ. கோட்ஹார்ட் சுரங்கம், பையனுக்குப் பிடிக்கும்.

ரைன்கரை:
இது நல்ல யோசனை. இன்டர்ரெயிலில் நான்கு முதல் பதினொரு வயது வரை குழந்தைப் பாஸ் இலவசம், ஆனால் தனியாகச் சேர்க்க வேண்டும். முன்பதிவு கட்டாயமான ரயிலில் பையனுக்கும் சீட் வாங்க வேண்டும். பாஸுக்கான செயலியில் ஒவ்வொரு ரயிலையும் ஏறும் முன்பே சேர்த்துவிடுங்கள். பரிசோதகர் கேட்பது அந்தக் க்யூஆர் குறியீட்டைத்தான்.

லாசப்பல்_அண்ணன்:
பாரிஸ் வந்தால் நீங்கள் இறங்குவது கார் து லெஸ்ட் ஸ்டேஷன். அங்கிருந்து லா சப்பல் நடக்கும் தூரம்தான், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும்.

ஸ்டுட்கார்ட்_புதுசு:
நன்றி அண்ணா. ஹோட்டலுக்கு போன் செய்தேன், தேதியை மாற்றித் தருகிறார்கள். சூரிச் வழியே போகிறோம். பாஸ் பணத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். லுகானோவில் ரயில் மாற எத்தனை நிமிடம் விட வேண்டும்? கையில் தள்ளுவண்டி வேறு இருக்கிறது.