சங்கத்து சைட்டுக்கு டோக்கன் வேண்டுமா, பிரவுசரே போதுமா?

தலவாக்கலைத் தம்பி:
எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தாக் கணக்கு எழுத ஒரு சைட் செய்கிறேன். ஃபோர்ம் ஒவ்வொன்றிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது வெளி சைட்டுக்குத் தெரியாத ஒரு ரகசியக் குறியீடு, வை என்கிறார்கள். நாம் லாகின் ஆகியிருக்கும்போது வேறொரு சைட் நம் குக்கியோடு (லாகினை நினைவில் வைக்கும் சிறு குறிப்பு) கள்ளமாகக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கத்தானே அது? குக்கி வெளி சைட் கோரிக்கையோடு போகலாமா என்று சொல்வது சேம்சைட் அமைப்பு, அதில் நடுத்தரக் கட்டுப்பாடு லாக்ஸ். 2020இல் வந்த குரோம் 80, சேம்சைட் என்று எதுவும் எழுதாத குக்கியையும் லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறது, வெளி சைட்டிலிருந்து வரும் போஸ்டில் (ஃபோர்ம் நிரப்பி அனுப்பும் வகைக் கோரிக்கை) அது போகாது. அப்புறம் டோக்கன் எதற்கு?

ஹட்டன் மழை:
அதற்கு முன்பே சேம் ஒரிஜின் பொலிசி என்ற பிரவுசர் விதி இருக்கிறதே. வெளி சைட் எதையும் தொட முடியாது.

பண்டாரவளை அக்கா:
மழை, அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பொலிசி பதிலை வாசிக்கத்தான் விடாது, சாதாரண ஃபோர்ம் அனுப்புவதைத் தடுக்காது. பணம் கட்டியதாகப் பதிந்துவிட்டால், பதிலை அவன் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன?

தம்பி, லாக்ஸ் நல்ல காவல், மறுக்கவில்லை. ஆனால் எழுதாத குக்கியை ஃபயர்பாக்ஸ் அப்படி எடுப்பதில்லை, குரோமும் புதுக் குக்கிக்கு முதல் இரண்டு நிமிடம் போஸ்டில் சலுகை தருகிறது. அதனால் நீங்களே லாக்ஸ் என்று எழுதுங்கள். இன்னொன்று, உங்கள் சைட்டில் உறுப்பினரை நீக்குவது எப்படி?

தலவாக்கலைத் தம்பி:
பெயருக்குப் பக்கத்தில் ஒரு லிங்க். நீக்கு, எண் 41, அவ்வளவுதான்.

பண்டாரவளை அக்கா:
அப்படியானால் அந்த லிங்கை வாட்ஸ்அப்பில் பொருளாளருக்கு அனுப்பிப் பாருங்கள். லிங்கைத் தொட்டுப் போகும் கெட் கோரிக்கைக்கு லாக்ஸும் குக்கியைக் கொடுக்கும்.

தலவாக்கலைத் தம்பி:
இப்போதுதான் என் போனிலேயே செய்து பார்த்தேன். 41 போய்விட்டது, கேட்கக்கூட இல்லை. சரி, நீக்குவதைப் போஸ்டுக்கு மாற்றுகிறேன். டோக்கன் விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை அக்கா. கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்று, அதோடு சேர்த்து அனுப்பும் செக்-ஃபெட்ச்-சைட் என்ற குறிப்பிலேயே (ஹெடர்) பிரவுசர் சொல்லிவிடுகிறது. 2025இல் வந்த கோ (Go) புரோகிராம் மொழியின் 1.25 பதிப்பு அதை நம்பித்தான் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது.

பண்டாரவளை அக்கா:
சஃபாரியில் அந்த ஹெடர் 16.4இல்தான் வந்தது, அது 2023. லயத்து வீடுகளில் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வரும் போன்களை நினைத்துப் பாருங்கள். ஹெடர் இல்லாமல் வரும் போஸ்டை என்ன செய்வீர்கள், விடுவீர்களா, தடுப்பீர்களா?

தலவாக்கலைத் தம்பி:
அனுப்பிய சைட்டின் முகவரியைச் சொல்லும் ஒரிஜின் ஹெடரைப் பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால் தடுப்பேன். நாலு பேர் திட்டினாலும் பரவாயில்லை.

பண்டாரவளை அக்கா:
அப்படித் தடுத்தால் நான் பேச மாட்டேன். அந்த 41ஆம் ஆளைத் திரும்பச் சேர்த்தீர்களா?