‘ட்ரங்கன் மாஸ்டர் 2’: கடைசிச் சண்டை யாருடையது?

கேசட்காலம்:
நேற்று ராத்திரி ஜாக்கி சானின் ஹாங்காங் குங்ஃபூ படம் ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ மறுபடியும் பார்த்தேன். எத்தனையாவது முறை என்ற கணக்கெல்லாம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. ரொம்ப காலமாக மனசில் இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1994-இல் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் என்று லாவ் கார்-லியுங் பெயர்தான் வருகிறது, ஆனால் கடைசியில் இரும்பு ஆலையில் நடக்கும் சண்டை அவர் எடுத்ததில்லை. சண்டையை எப்படி எடுப்பது என்பதில் அவருக்கும் ஜாக்கி சானுக்கும் ஒத்துப்போகவில்லை, அவர் படம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார், மிச்சத்தை ஜாக்கியே எடுத்து முடித்தார். அந்த ஏழு நிமிடச் சண்டைக்குக் கிட்டத்தட்ட 4 மாதம் ஆகியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க உழைத்தால் படத்துக்குத் தேறுவது மூன்று வினாடி என்று ஜாக்கியே சொல்லியிருக்கிறார். 7 நிமிடம் என்றால் 420 வினாடி, மூன்றால் வகுத்தால் 140 நாள், கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. இந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் கண் முன்னால் வருவது அந்த 7 நிமிடம்தான். அதனால் இது ஜாக்கியின் படம். லாவ் விலகியதுதான் இந்தப் படத்துக்கு நடந்த நல்லது.

குங்ஃபூ பித்தன்:
நண்பரே, ‘நல்லது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. லாவ் யார் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? இந்தப் படத்தில் ஜாக்கி நடிக்கும் வோங் ஃபே-ஹங் கற்பனை ஆள் கிடையாது. சீனாவின் ஃபோஷான் பகுதிக்காரர், வைத்தியர், தற்காப்புக் கலை ஆசான், 1925-இல் காலமானார். அவருடைய சீடர் லாம் சாய்-விங். லாமிடம் படித்தவர் லாவ் சாம். அந்த லாவ் சாமின் மகன்தான் லாவ் கார்-லியுங். அதாவது கதாநாயகனிடமிருந்து நேராக இறங்கி வந்த வித்தை, நடுவில் இரண்டே தலைமுறை. 1949-இல் குவான் டக்-ஹிங் நடித்து ஆரம்பித்த கறுப்பு வெள்ளை வோங் ஃபே-ஹங் படங்களில் லாவ் சாம் தன் சொந்த குருவான லாம் சாய்-விங்காகவே நடித்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த மனிதர், அறுபதை ஒட்டிய வயதில், ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்த வாக்கில் ஜாக்கியோடு ஈட்டியும் வாளுமாக மோதுகிறாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? நிமிர்ந்தால் தலை இடிக்கும், கையை முழுசாக நீட்ட இடமில்லை, அந்த நெருக்கடிக்குள்ளும் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயுதத்தைச் சின்ன வயதிலேயே கையில் பிடித்தவனுக்குத்தான் இப்படி ஒரு சண்டையை யோசிக்கவே வரும்.

கேசட்காலம்:
பரம்பரையை நான் குறைத்துப் பேசவில்லை. படத்தை வைத்துத்தான் பேசுகிறேன். அதே 1994-இல் லாவ் தனியாகப் போய் ஆண்டி லாவ் என்ற நடிகரை வைத்து ‘ட்ரங்கன் மாஸ்டர் 3’ எடுத்தார். ஜாக்கி இல்லை, அவருடைய தலையீடும் இல்லை, எல்லாமே லாவ் நினைத்தபடிதான். அந்தப் படத்திலிருந்து ஒரு சண்டையை நினைவிலிருந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

குங்ஃபூ பித்தன்:
சொல்ல வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சண்டைபோட்டுப் பிரிந்த அதே வருஷத்திலேயே எடுத்து வெளியிட்ட படம். ஒரே ஒரு சண்டைக்கு நாலு மாதம் செலவழிக்கும் வசதி ஜாக்கிக்கு இருந்தது. அந்த நேரத்தை லாவுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள், அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வரிசை:
இரண்டு பேரும் இரண்டு பெரிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கடைசிச் சண்டையில் ஜாக்கியைப் போட்டு உதைக்கும் கென் லோவை ஏன் யாரும் சொல்லவில்லை? அவர் ஜாக்கியின் மெய்க்காப்பாளராக இருந்தவர். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இன்னொரு காலைக் கீழே வைக்காமலேயே முகம், மார்பு, வயிறு என்று மாற்றி மாற்றி உதைக்கிறாரே, அந்தக் கால் இல்லையென்றால் அந்த 7 நிமிடமும் கிடையாது. எதிரி அந்த அளவுக்குப் பயங்கரமாக இருப்பதால்தான் ஜாக்கி தொழிற்சாலைச் சாராயத்தை (குடிக்கவே கூடாத, ஆலை வேலைக்கான விஷச் சாராயம்) குடிக்க வேண்டி வருகிறது என்பதை நாம் நம்புகிறோம்.

அப்புறம் அனிதா முய். இந்தப் படத்தை நகைச்சுவைப் படம் என்று சொல்ல வைப்பதே அவர்தான். ஜாக்கி 1954-இல் பிறந்தவர், அனிதா 1963. தன்னைவிட ஒன்பது வயது இளையவர் தனக்குச் சித்தியாக வருகிறார்! அப்பாவாக வரும் டி லுங் ஜாக்கியைவிட எட்டு வயதுதான் மூத்தவர். தாளில் எழுதிப் பார்த்தால் எடுபடவே கூடாத ஏற்பாடு. புருஷன் முதுகைத் திருப்பினால் மாஜோங் என்ற சீனச் சூதாட்டம் ஆட உட்கார்ந்துவிடுவதும், அவர் திரும்பிப் பார்த்தால் அப்பாவி முகத்தை வைத்துக்கொள்வதுமாக அனிதா வந்து நின்றதும் வயசுக் கணக்கே மறந்துபோகிறது. 2003 டிசம்பர் 30-ஆம் தேதி நாற்பதே வயதில் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தார். இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் பெயர் கடைசியில்தான் வருகிறது, எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது.

கேசட்காலம்:
அனிதா விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். கென் லோ விஷயத்திலும்தான். ஆனால் அவரை அந்த இடத்தில் நிறுத்தி அந்த உதைகளை அப்படிப் படம் பிடித்தவர் ஜாக்கி. கரித்தணல் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவனைக்கு வைத்த சிவப்பு விளக்கு இல்லை, நிஜமான நெருப்புக் கரி. அதன் மேல் விழுந்து, கையையும் காலையும் ஊன்றிப் பின்னாலேயே தவழ்ந்து போகிறார். நாற்பதைத் தொடும் வயதில் எந்த நடிகர் இதைச் செய்வார்?

ஃபைட்டர் மகள்:
இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தப் பதிவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் அப்பா கோடம்பாக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபைட்டராக இருந்தவர். அவருடைய இடது முன்கையில் முழங்கை வரை தோல் மட்டும் தனியாகப் பளபளவென்று இருக்கும், முடியே முளைக்காது. ஒரு படத்தில் தீக்காட்சிக்கு டூப் போட்டபோது ஆனது. அந்தப் படம் எது, கம்பெனி எது என்று சொல்ல நான் வரவில்லை. ஆறு வாரம் அம்மாதான் சாதம் பிசைந்து ஊட்டினாள். படத்தில் அந்தக் காட்சி மூணு வினாடிகூட வரவில்லை.

அதனால் கேட்கிறேன், ஒருத்தர் நெருப்பில் தவழ்ந்தார் என்பதைப் படத்தின் பெருமையாக ஏன் சொல்கிறீர்கள்? 1986-இல் யூகோஸ்லாவியாவில் ‘ஆர்மர் ஆஃப் காட்’ எடுத்தபோது இதே ஜாக்கி மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து சாகக் கிடந்தார். அதற்குப் பிறகும் கரித்தணல் என்றால், அவரைப் பார்த்து மற்ற தயாரிப்பாளர்களும் மாஸ்டர்களும் என்ன பாடம் எடுத்துக்கொள்வார்கள்? “ஜாக்கியே செய்கிறார், உனக்கென்ன?” என்று கேட்பார்கள். என் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

கேசட்காலம்:
சகோதரி, அப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்ததும் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. மன்னிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஜாக்கி அந்த நெருப்பில் வேறொருவரை இறக்கிவிடவில்லை, தானே இறங்கினார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அடிபட்ட காட்சிகளையும் சேர்த்தே போடுகிறார், எதையும் மறைப்பதில்லை. தன் ஸ்டண்ட் குழுவின் மருத்துவச் செலவைத் தானே பார்த்துக்கொள்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அதற்காகவாவது அவரை மற்றவர்களோடு சேர்க்காதீர்கள்.

ஃபைட்டர் மகள்:
சேர்க்கவில்லை அண்ணா. அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடம் இருந்தது. அவரே நாயகன், கடைசியில் அவரே இயக்குநர், ஷாட் சரியில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவை நிறுத்தலாம். ஃபைட்டருக்கு அந்த வார்த்தை வாயில் வராது, வந்தால் மறுநாள் வேலை இருக்காது. இரண்டையும் ஒரே வீரம் என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

குங்ஃபூ பித்தன்:
சகோதரி சொல்வதோடு என் பேச்சும் ஒட்டித்தான் வருகிறது. லாவ் எடுத்த பகுதியில் யாரும் நெருப்பில் விழ வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் கோடாரிக் கும்பல் வெள்ளமாக உள்ளே வரும் காட்சியைப் பாருங்கள். நடுவில் லாவும் ஜாக்கியும் மட்டும். மேஜை, பெஞ்சு, மாடிப்படி எல்லாம் ஆயுதமாகிறது. ஜாக்கி கையில் நுனி பிளந்த மூங்கில் கழி, அதை ஆட்டினால் துடைப்பம் மாதிரி விரிந்து ஒரே வீச்சில் நாலு பேர் முகத்தைப் பதம் பார்க்கிறது. பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஆள் சாகக் கிடக்காமலேயே இதைச் செய்யலாம் என்று காட்டியவர் லாவ்.

மூன்றாவது வரிசை:
அது அப்படியே சரி இல்லை. டீக்கடைச் சண்டையிலும் மாடியிலிருந்து ஆட்கள் விழுகிறார்கள், மேஜை மேல் முதுகு அடிபட விழுகிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால் ஆபத்தே இல்லாத மாதிரி தோன்றுகிறது. அந்தக் காட்சியில் ஜாக்கியின் ஸ்டண்ட் குழுவும் இருக்கிறது, அதனால் லாவ் பாதி, ஜாக்கி பாதி என்று கோடு போட்டு வெட்ட முடியாது. 1978-இல் முதல் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ எடுத்தவர் யுவென் வூ-பிங், அதில் குடிகார குருவாக வந்தவர் அவருடைய அப்பா, 1979 ஜனவரியில் காலமாகிவிட்டார். அந்தக் கிழவர் இல்லாமல் 16 வருஷம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்து ஜெயிப்பதற்கு லாவின் வித்தையும் வேண்டியிருந்தது, ஜாக்கியின் பிடிவாதமும் வேண்டியிருந்தது.

இன்னொன்று. 2000-இல் அமெரிக்காவில் ‘தி லெஜண்ட் ஆஃப் ட்ரங்கன் மாஸ்டர்’ என்று வெளியிட்டபோது கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். தொழிற்சாலைச் சாராயம் குடித்ததால் வோங் ஃபே-ஹங் பார்வை போய், புத்தி பேதலித்து நிற்பதாக மூலப்படம் முடிகிறது. நம்மில் பல பேர் பார்த்தது வெட்டின பிரதிதான்.

குங்ஃபூ பித்தன்:
வெட்டினது நல்லதுதான் என்பேன். புத்தி கெட்டவனைக் காட்டிச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபைட்டர் மகள்:
எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஆனாலும் வெட்டியிருக்கக் கூடாது. அவ்வளவு விஷத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் எழுந்து நின்று சிரித்தால் அது பொய். விழுந்தால் வலிக்கும், குடித்தால் கெடும் என்று ஒரு சண்டைப்படம் கடைசியிலாவது காட்டட்டும்.

இந்தச் சண்டையெல்லாம் படித்துவிட்டு இன்று சாயங்காலம் அப்பாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். டீக்கடைச் சண்டையை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். லாவைக் காட்டி, “இந்தப் பெரியவர் நின்ன இடத்தைவிட்டு அதிகம் நகரலை பாரு, கூட்டத்தைத் தன்கிட்ட வர வைக்கிறார்” என்றார். கரித்தணல் காட்சி வந்தபோது ஒன்றும் பேசவில்லை, முன்கையைத் தடவிக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் நான் நிறுத்தப் போனேன். “இரு, பசங்க பேர் வரும்” என்றார். சீன எழுத்து அவருக்கு எங்கே புரியப்போகிறது, ஆனாலும் கடைசிப் பெயர் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

கேசட்காலம்:
அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் சகோதரி. லாவ் விலகியது ‘நல்லது’ என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன், அது தப்பு. கடைசிச் சண்டை ஜாக்கியுடையது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

குங்ஃபூ பித்தன்:
அந்த அளவுக்கு எனக்கும் சம்மதம். டீக்கடை லாவுடையது.