புதுப்பிப்பு: தரம் 2 வகுப்பறை வரைபடம், நடந்தது இதுதான்

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பறையை வைத்தே வரைபடம் பழக்குவது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் மேலிருந்து பார்க்கப் பழக்குங்கள்" என்றீர்கள்.

தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்து, நின்று குனிந்து பார்க்கச் சொன்னேன். "டீச்சர், வட்டமும் ஒரு காதும்தான் தெரியுது!" அது சரி. ஆனால் மேசை வரையும்போது எல்லாரும் நாலு காலையும் போட்டார்கள், மல்லாந்து கிடக்கும் வண்டு மாதிரி. மூன்று நாள் அதிலேயே போனது.

அளவுக்குக் காலடி. ஒரு பிள்ளையின் காலடி மட்டும். ஒரு காலடிக்குக் கணக்குக் கொப்பியில் ஒரு கட்டம்.

திசையில் பிழை விட்டது நான். காலை வெயில் விழும் யன்னலில் "கிழக்கு" என்று ஒட்டிவிட்டேன். தை மாதத்தில் சூரியன் தெற்கே தள்ளி உதிக்கும். நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில்தான். போதாததற்கு, எங்கள் மலையைத் தாண்டி வர நேரமும் ஆகும். திசைகாட்டி வைத்துப் பார்த்து அட்டையை மாற்றி ஒட்டினேன். ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலை தென்மேற்கு என்றதும் திசை சட்டென்று பிடிபட்டது.

கடைசியாக, ஒளித்த டொபியை வரைபடத்தில் புள்ளி வைத்துத் தேடவிட்டேன். ஒரு குழு தாளைத் தலைகீழாகப் பிடித்து நேரெதிர் மூலைக்குப் போய், குப்பைக்கூடையைக் கவிழ்த்தது.

அடுத்த கிழமை முற்றம். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் எடுத்துவைத்தாயிற்று.