கர்ப்பப்பை எடுத்து 12 நாள்: மூத்திரமும் போகுது, நனையவும் செய்யுது

சாம்பல்புறா:
ஃபைப்ராய்டு கட்டிக்காக லேப்ராஸ்கோப்பியில கர்ப்பப்பை எடுத்தாங்க. வயசு 46. மூணாம் நாள் நல்லா நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். 9ம் நாள் காலையில எழுந்தா நைட்டியும் விரிப்பும் ஈரம். வேர்வைன்னு நினைச்சேன். அப்புறம் நிக்கவே இல்லை. இருமினா தும்மினா வர்ற மாதிரி இல்லை, சும்மா படுத்திருந்தாலும் ஒழுகுது. ஒரு நாளைக்கு ஏழெட்டு பேட். நிறமில்லாத தண்ணி. மோந்து பார்த்தேன் (இதுல என்ன கூச்சம்), மூத்திர வாடைதான். ஆனா மூத்திரம் எப்பவும் போல மூணு மணிக்கு ஒருதரம் போறேன். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா "வெள்ளைப்படுதல்தான், அடுத்த வாரம் செக்கப்புல பார்க்கலாம்"னுட்டாங்க. நேத்து ராத்திரியிலிருந்து வலது விலாவுக்குக் கீழ மந்தமா ஒரு வலி. யாருக்காவது இப்படி ஆச்சா?

கிணத்தடி:
அக்கா, அடுத்த வாரம் வேண்டாம், இன்னிக்கே போங்க. எனக்கும் இதே கதை, இடது பக்கம். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய் ஒரு பக்கம் ஓட்டையானாலும் அடுத்த கிட்னி பையை நிரப்பிக்கிட்டே இருக்கும். அதான் எப்பவும் போல போறீங்க. "மூத்திரம் சரியாத்தானே போகுது"ன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு மூணு வாரம் ஓட்டிட்டாங்க. அப்புறம் ஸ்டென்ட் (அந்தக் குழாய்க்குள்ள வைக்கற மெல்லிய ட்யூப்) வைக்கப் பார்த்தப்ப, அதுக்கு வழிகாட்டுற கம்பி மேலே ஏறவே இல்லை. முதுகு வழியா கிட்னிக்குள்ள ஒரு ட்யூப், பிறகு குழாயைப் பையில வேற இடத்துல தைக்க இன்னொரு ஆபரேஷன். ஜுரமோ குளிர் நடுக்கமோ வந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

ராத்திரிட்யூட்டி:
ஆபரேஷன் தியேட்டரில் 22 வருஷம் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடியில்தான் யூரிட்டர், அதாவது கிணத்தடி சொன்ன அந்த மூத்திரக் குழாய், போகிறது. அந்த இடத்தில் கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். "பாலத்துக்கு அடியில் தண்ணீர்" என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். கத்தி பட்டு அங்கேயே தெரிந்துவிட்டால், அப்போதே தைத்துவிடலாம். ரத்தத்தை நிறுத்த வைக்கும் கரண்டின் சூடு பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. வெந்த இடம் ஒரு வாரம், பத்து நாள் கழித்துதான் உதிர்ந்து ஓட்டையாகும். உங்கள் 9ம் நாள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது.

கசியும் நீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொண்டு போங்கள். அதில் கிரியாட்டினின் (கிட்னி மூத்திரத்தில் வெளியேற்றும் கழிவு) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் அது மூத்திரம், வெள்ளைப்படுதல் இல்லை. யூராலஜிஸ்ட்டையும் (மூத்திரப் பாதை டாக்டர்) பார்க்க வேண்டும்.

வெட்டுக்கத்தி:
முதல்ல கேஸ் போடுங்க.

ராத்திரிட்யூட்டி:
முதலில் கிட்னி, தம்பி. அக்கா, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸ் நகலும் வாங்கி வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அது கட்டாயம் வேண்டும்.

சாம்பல்புறா:
எட்டு நாள் கழிச்சு எழுதறேன். அன்னிக்கு சாயங்காலமே போனேன். கதீட்டர் வழியா மூத்திரப்பைக்குள்ள நீலச் சாயம் விட்டு, பிறப்புறுப்புக்குள்ள ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு பஞ்சு வெச்சு, நடக்கச் சொன்னாங்க. எடுத்தப்ப மேல் பஞ்சு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, ஆனா துளி நீலம் இல்லை. டாக்டர் அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "பை நல்லாருக்கு, குழாய்தான்"னார். சிடி ஸ்கேன்ல வலது யூரிட்டரோட கீழ்முனை கசியறது தெரிஞ்சது. மறுநாளே ஸ்டென்ட் வெச்சாச்சு, கம்பி ஏறிடுச்சு. மூணாம் நாள் காலையில பேட் காஞ்சிருந்தது. கிணத்தடி, உங்களைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

ஒரு சந்தேகம். மூத்திரம் போகும்போது விலாவுல சுரீர்னு இழுக்குது, சில நேரம் லேசா சிவப்பா வருது. ஸ்டென்ட்டுக்கு இது சகஜமா?

கிணத்தடி:
சகஜம்தான். ஸ்டென்ட் வழியா கொஞ்சம் மூத்திரம் மேலே திரும்பிப் போறதால அந்த இழுப்பு. தண்ணி நிறைய குடிங்க. கட்டி கட்டியா ரத்தம் வந்தா மட்டும் உடனே காட்டுங்க. எடுக்கற தேதி சொன்னாங்களா?

சாம்பல்புறா:
ஆறு வாரம். காலண்டர்ல வட்டம் போட்டாச்சு.

ராத்திரிட்யூட்டி:
போனிலும் போடுங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படியும். எடுத்த பிறகும் ஸ்கேன் உண்டு. ஆறிய இடம் சுருங்கினால் வலியே இல்லாமல் கிட்னி வீங்கும், அந்த ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.