கோதுமையில் பூஞ்சை நச்சு: 1000 மைக்ரோகிராம் வரம்பு போதுமா?

ஆய்வகத்தான்:
கோதுமையில் டியாக்சினிவலினால் என்னும் பூஞ்சை நச்சு கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு விதி. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஜூலை முதல் கடை மாவுக்கு 600, குழந்தை உணவுக்கு 150 என்று குறைத்துவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவின் கணிப்பு. 15 கிலோ எடையுள்ள குழந்தை, வரம்பைத் தொட்டு நிற்கும் மாவில் 150 கிராமைச் சப்பாத்தியாக உண்டால் அதன் உடலில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் சேர்கிறது. ஒரே நாளில் உண்ணத்தக்க உச்ச அளவாக அதே குழு வைத்த 8-ஐயும் அது தாண்டிவிடுகிறது.

ஆலைக்கணக்கன்:
கணக்கில் பிழையில்லை, எல்லா மாவும் வரம்பைத் தொட்டு நிற்பதாக வைத்துக்கொண்டதுதான் பிழை. வரம்பு என்பது சரக்கைத் திருப்பி அனுப்பும் கோடு, நாம் அன்றாடம் உண்ணும் அளவு அன்று. இந்த நச்சைச் சுரக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை, கதிர் பூக்கும் நாட்களில் மழையும் ஈரமும் நீடித்தால்தான் பரவும். பஞ்சாப், அரியானா வயல்களில் கோதுமை பெரும்பாலும் வறண்ட வானிலையில் முற்றி, ஏப்ரல் வெயிலில் அறுவடையாகிறது. ஈரமான கோடைக்கு அஞ்சும் ஐரோப்பாவின் வரம்பை இங்கே அப்படியே வைத்தால், ஆபத்தே இல்லாத சரக்குக்கும் சோதனைச் செலவு ஏறும். அதை விவசாயிக்குத் தரும் விலையில்தான் கழிப்பார்கள்.

ஆய்வகத்தான்:
வறண்ட வானிலை என்பது உறுதிமொழி அன்று. 1987-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கோதுமையில் செய்த ரொட்டியை உண்டவர்கள் வயிற்றுவலியாலும் வாந்தி, வயிற்றுப்போக்காலும் அவதிப்பட்டார்கள். விசாரிக்கப்பட்ட 224 பேரில் 97 பேருக்கு அந்த உபாதை இருந்தது. சில மாதிரிகளில் இந்த நச்சு கிலோவுக்கு 8 மில்லிகிராம் வரை, அதாவது இன்றைய வரம்பைப் போல் எட்டு மடங்கு வரை இருந்தது. இதுவும் நம் நாட்டில் நடந்ததுதானே?

சமையல்கட்டு:
இடையில் ஒரு கேள்வி. வீட்டில் கோதுமையைக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்கிறோம், சப்பாத்தியையும் நன்றாகச் சுடுகிறோம். அப்போதும் நச்சு தங்குமா?

ஆய்வகத்தான்:
சுடுவதால் பெரிதாகக் குறையாது அம்மா. அடுப்பு வெப்பத்தைத் தாங்கும் நச்சு இது. நீரில் கரையும் என்பதால் கழுவும்போது ஓரளவு போகும். முறத்தில் புடைப்பதும் பயன் தரும்: நோய் தாக்கிய மணிகள் சுருங்கி, வெளிறி, சில இளஞ்சிவப்பாகவும் இருக்கும், எடை குறைவானவை என்பதால் பதரோடு பறந்துவிடும். ஆனால் பார்வைக்கு நன்றாயிருக்கும் மணியிலும் நச்சு இருக்கலாம், பூஞ்சை செத்த பிறகும் அது போகாது. தவிட்டில்தான் அது அதிகம் செறிந்திருக்கும் என்பதால், ஒரே கோதுமையில் அரைத்தால் மைதாவைவிடத் தவிடு நீக்காத மாவில்தான் கூடுதலாக இருக்கும். மைதாவைத் திட்டுவதே வேலையாக இருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆலைக்கணக்கன்:
காஷ்மீரை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே உண்டது கண்ணுக்கே கெட்டதாகத் தெரிந்த கோதுமை. வரம்பு 1000-க்குப் பதில் 600 என்றிருந்தாலும், யாரும் சோதிக்காதவரை அதே ரொட்டிதான் தட்டுக்கு வந்திருக்கும். நடைமுறைச் சிக்கல் வேறு. நச்சு சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. லாரியில் நான்கு மூட்டைகளில் குத்தூசியைச் செருகி எடுக்கும் கைப்பிடிக் கோதுமை, மீதி மூட்டைகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பல இடங்களிலிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைத்த பிறகே சோதிக்க வேண்டும். பூக்கும்போதோ அறுவடையின்போதோ மழை பெய்த மாவட்டங்களின் சரக்குக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்குங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஆய்வகத்தான்:
மழை மாவட்டச் சோதனைக்கு நானும் சம்மதம். குழந்தை உணவுக்குப் போகும் கோதுமைக்கு மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதில் ஒவ்வொரு சரக்கையும் சோதித்தே ஆக வேண்டும்.

ஆலைக்கணக்கன்:
அந்தச் செலவை மாவு வாங்கும் குழந்தை உணவு நிறுவனம் ஏற்றால் எனக்கு மறுப்பில்லை. ஆலையின் தலையில் கட்டினால் மறுப்பு அப்படியே இருக்கிறது.